மேவிஸ் சாப்பிடாத ரோல்ஸ்

கழிவறைப் பீங்கானின் மேல்வளையம் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. கையுறை மாட்டிய கையில் கிருமிநாசினிப் போத்தலைப் பிடித்தபடி இரஞ்சிதம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேவிஸுக்கு எண்பத்தேழு வயது. கணவர் இறந்து பதினொரு வருடம். மெல்பேர்னின் கிழக்கு மலைச்சரிவில், தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் பாதையில் மூன்று கிலோமீட்டர் ஏறினால் வருகிற ஒற்றை வீடு அது. திங்களும் வியாழனும் காலை பத்து மணிக்கு முதியோர் பராமரிப்பு நிறுவனத்தின் சார்பில் இரஞ்சிதம் வந்து, மேவிஸைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, சூப் காய்ச்சிக் கொடுத்துவிட்டுப் போவாள். அவளைத் தவிர அங்கே வருகிறவர் யாரும் கிடையாது. தபால்காரர்கூட அடிவாரத்துப் பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். மேவிஸால் குனிந்து அந்த வளையத்தைத் தூக்க முடியாது. தூக்கவேண்டிய தேவையும் இல்லை.

முப்பது வருடம் ஒரு ஆணோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு இதை விளங்கிக்கொள்ள நேரம் எடுக்கவில்லை. வளையத்தை இறக்கித் துடைத்தாள். துடைக்கத் துடைக்க, இரண்டு கிழமையாகக் கண்ணில் பட்டும் மனதில் தங்காமல் போனவை ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றன. கொடியில் எப்போதும் ஈரமாக இருக்கும் இரண்டாவது துவாய். பின்னறையின் சாத்திய கதவு. பிறகு ரோல்ஸ். ஒரு பிறந்தநாள் வீட்டில் மிஞ்சிய நான்கு மட்டன் ரோல்ஸைக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். அடுத்த முறை மேவிஸ் ஆறு கேட்டாள். அதற்கடுத்த முறை பத்து. இரஞ்சிதத்துக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி தன் கைப்பக்குவத்துக்கு மயங்கிவிட்டாள் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னாள். ஞாயிறு மாலைகளில் இறைச்சி வேகவைத்து, மாவுத்தோசை சுட்டு, ரஸ்குத் தூளில் பிரட்டி வைத்து, காலையில் பொரித்துச் சூடு குறையாமல் ஈயத்தாளில் சுற்றினாள். மேவிஸின் பல்செட் வெடித்துப் போனதால் அதைப் பல்வைத்தியரிடம் கொடுத்தவளே இரஞ்சிதம்தான். அன்றிலிருந்து மேவிஸ் சூப்பிலும் கஸ்டர்டிலும்தான் சீவிக்கிறாள். பல் இல்லாத வாய் பத்து ரோல்ஸை என்ன செய்யும் என்று அவள் ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தன் சாப்பாட்டைப் புகழ்ந்தவரைச் சந்தேகிக்க அவளுக்குத் தெரியாது.

இன்றோடு பத்தொன்பது நாள். பதிவில்லாத துவக்குகளைக் கைப்பற்றப் போன இரண்டு பொலிஸ்காரரை டேரல் என்கிற நாற்பத்துநான்கு வயதுக்காரன் தன் வாசலிலேயே சுட்டுவிட்டுக் காட்டுக்குள் போயிருந்தான். ஒருவர் அங்கேயே செத்தார். மற்றவருக்குக் காலை எடுத்தார்கள். ஹெலிகொப்டர்களும் நாய்களும் நானூறு பேரும் காட்டைச் சல்லடை போட்டார்கள். டேரலை ஒன்பது வயதிலிருந்து ஐந்து வருடம் வளர்த்தவள் மேவிஸ். அதனால் இரண்டாம் நாளே இங்கேயும் வந்து கொட்டில்வரை தேடிவிட்டுப் போயிருந்தார்கள். "என் கட்டிலுக்கு அடியிலும் பாருங்கள் என்று சொன்னேன், ஒரு ஆம்பிளை என் கட்டிலைத் தேடி எத்தனை வருஷமாகிறது," என்று மேவிஸ் அப்போது சிரித்திருந்தாள். இரஞ்சிதமும் கூடச் சிரித்தாள்.

சூப் காய்ச்சிய குசினிக்குத் திரும்பியபோது மேவிஸ் கதிரையில் இருந்தபடி அவளுடைய முகத்தைப் பார்த்தாள்.

"எல்லாம் சரியா, ரஞ்சி?"

"சரி, மேவிஸ்."

புறப்படும்போது கைபேசியில் அன்றைய பதிவை நிரப்பினாள். தோல், பசி, மனநிலை, வீட்டுச் சூழல். எல்லாவற்றுக்கும் நேரே "மாற்றமில்லை" என்பதை அழுத்தினாள். பதினாறு வருட வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது. காரில் ஏறும்வரை பின்னறை யன்னலின் பக்கம் திரும்பவில்லை. ஒன்றும் தெரியாதவள் மாதிரித் திரும்பாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அந்தப் பதினைந்து அடியில் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை அலுவலகத்தில், எழும்ப முடியாதவர்களைத் தூக்கும் இயந்திரத்தில் பயிற்சி. அவளோடு ஜோடியாக நின்றவள் கோயம்புத்தூர்க்காரி பிரவீணா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்தான், வாய் ஓயாது.

"அக்கா, உங்க ஏரியாலதானே நம்ம கௌபாய் சுத்துறான்? பாத்தா ஒரு ஆட்டோகிராப் வாங்கிட்டு வாங்க."

மலையடிவார பேக்கரிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளை இரஞ்சிதமும் பார்த்திருந்தாள். ஓரம் கருகிய பழுப்புத் தாள் போல அச்சடித்து, டேரலின் தலையில் அகலத் தொப்பி வைத்து, பழைய அமெரிக்க மேற்கில் ஒட்டினார்களே அதுபோல, உயிரோடோ பிணமாகவோ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கீழே யாரோ பேனாவால் "ஓடு டேரல் ஓடு" என்று எழுதியிருந்தார்கள். அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே செத்த பொலிஸ்காரரின் குடும்பத்துக்கான உண்டியலும் இருந்தது. அதே ஆட்கள்தான் இரண்டையும் பார்த்துவிட்டுப் பாண் வாங்கிக்கொண்டு போனார்கள்.

"சஞ்சய் ஒரு வாரமா டிவில அந்தக் காலத்து அமெரிக்கக் கதையாத்தான் பாக்குறாரு," என்றாள் பிரவீணா. சஞ்சய் அவள் கணவன். "குதிரையில துரத்துறதெல்லாம் சும்மா பில்டப், அக்கா. அந்தக் கொள்ளைக்காரனுங்க வருஷக்கணக்கா தப்பிச்சது எப்படித் தெரியுமா? எவளாச்சும் ஒருத்தி கிச்சன்ல சோறு போட்டிருக்கா. மாட்டுனதும் அங்கதான். போலீஸ் புடிக்கல, சோறு போட்ட வீட்டுலதான் புடிச்சுக் குடுத்திருக்காங்க. எத்தனை பேரு முதுகுல சுடுபட்டுச் செத்திருக்கான்!"

"நாடாவை இறுக்கும், ஆள் சரியப்போகுது," என்றாள் இரஞ்சிதம். தூக்கியில் தொங்கிய பயிற்சிப் பொம்மை ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை ஸ்பிரிங்வேல் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வந்து காரில் ஏறியதும் கணவர் யோகேஸ்வரனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திறப்பைப் போட்டுவிட்டு, திருகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கார் நிறுத்த அந்த இடத்துக்காகக் காத்திருந்த பின்கார்க்காரன் இரண்டு தடவை ஹோர்ன் அடித்துவிட்டுக் கையை விரித்துக்கொண்டு போனான்.

"ஆளைக் கண்டனீரே?"

"காணேல்லை. ஆனால் அவன்தான்."

"அப்ப ரிவியில போடுற நம்பருக்கு அடியும். பேர் கேக்கமாட்டினமாம். ஆர் சொன்னதெண்டு கடைசிவரை ஒருத்தருக்கும் தெரியவராது. எங்களுக்கேன் கரைச்சல்?"

"சாக்கைப் போட்டுக்கொண்டு தலையாட்டச் சொல்லுறியள்."

சொன்னபிறகுதான் எவ்வளவு கூரான இடத்தில் கையை வைத்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன், ஊரில் சண்டை நடந்த காலத்தில், இருபத்திரண்டு வயதில், சோதனைச் சாவடியில் பிடிபட்ட யோகேஸ்வரனின் தலையில் இராணுவம் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை வைத்த சாக்கைப் போட்டு, ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் மூன்று மணிநேரம் இருத்தியது. ஊர்ச்சனம் வரிசையாக அவர் முன்னால் நடந்துபோனது. அவர் தலையாட்டினால் அந்த ஆளை லொறியில் ஏற்றுவார்கள். ஆட்டாவிட்டால் துவக்கின் அடிப்பக்கம் அவர் முதுகில் இறங்கும். இரண்டு பேருக்கு ஆட்டினார். கலியாணத்துக்கு முந்தின கிழமை அவளை வரச்சொல்லி, கதிரையின் நுனியில் இருந்து, இதை மட்டும் சொல்லி, விருப்பமில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்றார். அவள் நிறுத்தவில்லை. அதற்குப்பிறகு சாக்கு என்கிற சொல் வீட்டுக்குள் வந்ததே இல்லை.

யோகேஸ்வரன் முன்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். கறிவேப்பிலைக் கட்டோடு ஒரு வியட்நாமியக் கிழவர் கார்களுக்கு நடுவே நிதானமாகக் கடந்து போனார்.

"சாக்குக்குள்ள இருக்கேக்க என்னை ஒருத்தருக்கும் தெரியாதெண்டுதான் நானும் நினைச்சனான்," என்றார் கடைசியில். "ரெண்டாவது பெடியன் என்ர கண்ணைப் பாத்துப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவன்."

அவள் அவருடைய முழங்கையைப் பிடித்தாள். "நான் சொல்லத்தான் போறன்," என்றாள். "ரிவியில அந்தப் பொலிஸ்காரன்ர மனுசியைப் பாத்தனீங்கள்தானே? கைக்குழந்தையோட. பேசாமல் இருக்க ஏலாது. ஆனால் கிழவி உள்ளுக்கு இருக்கேக்க துவக்கோட ஒருத்தரும் அந்த வீட்டுக்குள்ள போகக்கூடாது. திங்கக்கிழமை பல்செட் பூட்ட அவவைக் கூட்டிக்கொண்டு போகவேணும். அப்ப வெளியில எடுத்துடுவன்."

"சரி. எடுத்துப்போட்டு அடியும்."

"எடுத்துப்போட்டு, அவனுக்கும் சொல்லிப்போட்டு அடிப்பன்."

"விசரே உமக்கு? அவன் ஆளைக் கொண்டவன்!"

"தெரியும். என்ர சாப்பாட்டைச் சாப்பிட்டவன். முதுகுக்குப் பின்னால செய்ய எனக்கு ஏலாதப்பா."

அவர் திறப்பைத் திருகினார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கார் மீன் மணத்தது. திங்கட்கிழமை காலை அவர் வேலைக்கு லீவு போட்டுவிட்டுச் சப்பாத்தைக் காலில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "நீங்கள் வந்தால் மேவிஸ் பயப்படுவா," என்று சொல்லித் தடுத்துவிட்டாள். அவர் அவளுடைய காரின் ரயர்களைக் குனிந்து ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"இன்றைக்கு ரோல்ஸ் இல்லையா?" என்று கேட்டாள் மேவிஸ்.

"இல்லை, மேவிஸ்."

குளிக்கவார்த்தாள். முதுகின் மெல்லிய தோலை அழுத்தாமல் ஒற்றித் துடைத்தாள். நீல கார்டிகனைப் போட்டுவிட்டு, சக்கர நாற்காலியில் இருத்தி, சரளைக்கல்லில் தள்ளிக்கொண்டுபோய்க் காரின் முன்சீற்றில் ஏற்றிப் பட்டியைப் பூட்டினாள். மேவிஸின் தடித்த கண்ணாடிக்குள் கண்கள் வீட்டையே பார்த்தன. "கைப்பையை விட்டுவிட்டேன்," என்று சொல்லிவிட்டு இரஞ்சிதம் திரும்பவும் உள்ளே போனாள்.

குசினியிலிருந்து பின்னறைக் கதவுக்கு ஆறு அடி. அங்கே நின்றாள். கைகளைக் கவுனோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். நேற்று முழுக்க ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்த வசனங்களில் பாதி இப்போது காணாமல் போயிருந்தன.

"என் பெயர் இரஞ்சிதம். நான் மேவிஸைப் பார்த்துக்கொள்கிறவள். நீ உள்ளே இருக்கிறது எனக்குத் தெரியும். மேவிஸைக் கொண்டுபோகிறேன். பாதை முடிகிற இடத்தில்தான் போனுக்கு சிக்னல் வரும், பன்னிரண்டு நிமிடம். அங்கே நின்று பொலிஸுக்குச் சொல்வேன். மேவிஸ் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. நானாகத்தான் கண்டுபிடித்தேன்."

குளிர்சாதனப் பெட்டி உதறிக்கொண்டு நின்றது. பிறகு பலகைத் தரை ஒரு தடவை அழுந்தியது, கதவுக்கு மிகக் கிட்ட.

"ரோல்ஸ் கொண்டுவருகிறவள் நீதானா?"

"ஓம்," என்றாள், தமிழிலேயே. அது அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும்.

"மிளகு அதிகம்," என்றது குரல். எதிர்பார்த்ததைவிட மெல்லிய, தடிமன் பிடித்து மூக்கடைத்த குரல். "கிழவிக்கு இதைச் சொல்லிவிட்டாயா?"

"காரில் சொல்வேன். துவக்கை மேசையில் வைத்துவிட்டு, கையை வெளியே தெரிகிற மாதிரி விறாந்தையில் போய் இரு. அவர்கள் வரும்போது அப்படி இரு."

இரும்பு ஒன்று இரும்பில் மெதுவாக உரசியது. வைக்கிற சத்தமா எடுக்கிற சத்தமா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. பதிலுக்காக நிற்கவில்லை. திரும்பி, குசினியைக் கடந்து, வாசல்படி இறங்கி நடந்தாள். முதுகின் நடுவில், கவுனின் கொக்கி இருக்கிற இடத்தில், தோல் தனியாக உயிர்பிடித்துக் குளிர்ந்தது. ஓடவில்லை. கார்க் கதவைத் திறக்கும்போதுதான் கைப்பை குசினிக் கதிரையிலேயே இருப்பது நினைவுக்கு வந்தது. கைபேசி நல்லவேளையாகச் சட்டைப்பையில் இருந்தது.

முதல் வளைவு தாண்டியதும் மேவிஸிடம் சொன்னாள். மேவிஸ் கத்தவில்லை. பல் இல்லாத வாய் ஒருதடவை உள்ளே மடிந்தது.

"அவன் இருட்டில் படுக்கமாட்டான், ரஞ்சி. பதினான்கு வயதுவரைக்கும் வராந்தா விளக்கைப் போட்டு வைப்பேன்."

"தெரியாது, மேவிஸ்."

"உன்னை என் வீட்டில் இனி விடமாட்டேன்."

"ஓம்," என்றாள். பிறகு, "சரி, மேவிஸ்."

சரளைக்கல் முடிந்து தார் தொடங்குகிற இடத்தில், தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். திரையில் இரண்டு கோடு தெரிந்தது. பொலிஸ் அவசர எண்ணை அழுத்தி ஒலிபெருக்கியில் போட்டாள், மேவிஸுக்கும் கேட்கட்டும் என்று. விலாசத்தையும், யார் என்பதையும், வீட்டில் வேறு யாரும் இல்லை என்பதையும், தான் அவனிடம் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னாள். மறுமுனையில் இருந்த இளம்பெண் விலாசத்தைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். அங்கிருந்து உடனே விலகிப் போகச் சொன்னாள். உங்கள் பெயரை வெளியிடாமல் வைத்துக்கொள்ளலாம், விருப்பமா என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் இரஞ்சிதம். "எழுதிக்கொள்ளுங்கள். இரஞ்சிதம் யோகேஸ்வரன்."

பக்கத்தில் பட்டி கழன்ற சத்தம் கேட்டது. மேவிஸ் கதவைத் தள்ளித் திறந்திருந்தாள். எழும்ப அவளால் முடியாது. மலைப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, கம்பளிச் செருப்புப் போட்ட ஒரு காலை மட்டும் வெளியே நீட்டி, எட்டாத தரையைப் பாதத்தால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தாள்.