மைனஸ் முக்கால் அடி

சுந்தராம்பாள் திருச்சியில் பயிற்சி முடித்து, வேப்பந்தட்டைக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வந்தது 1946-இல். பின்னங்களில் கூட்டல் சிரமமில்லாமல் போயிற்று. மைனஸ் ஒன்றரையோடு முக்காலைக் கூட்டினால் மைனஸ் முக்கால் என்று கடைசி வரிசைவரை சொன்னார்கள். பெருக்கலில்தான் சிக்கல்.

"மைனஸை மைனஸால பெருக்குனா பிளஸ்ஸு எப்படிங்க டீச்சர் வரும்?" ராசாத்தி எழுந்து கேட்டாள்.

'விதி அப்படி' என்று சொல்ல வாயெடுத்த சுந்தராம்பாளுக்குக் கூச்சமாகிவிட்டது. அவளும் அதை நெட்டுருப் போட்டுத் தேறியவள்தான்.

"எனக்கும் தெரியல. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்."

தலைமையாசிரியர் சிவசுப்பிரமணியன் அன்றே கூப்பிட்டனுப்பினார். "தெரியலன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லலாமாம்மா? பரீட்சைக்கு இருவது நாள்தான் இருக்கு. அந்தப் பாடத்தை விட்டுடுங்க."

"விடமாட்டேன் சார். ஒரு வாரம் குடுங்க."

நான்கு நாள் சிலேட்டும் கையுமாக இருந்தாள். ஒன்றும் ஓடவில்லை. பங்குனி வெயிலில் பள்ளிக்குப் பின்னாலிருந்த இறவைக் கிணற்றில் தண்ணீர் தினமும் இறங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் குடத்தோடு போனவள், படிக்கல்லில் முந்தின நாள் தண்ணீர் நின்ற ஈரக்கோட்டைக் கண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றும் ஞாயிறும் திங்களும் விடிந்ததும் தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு அளந்தாள். நாளொன்றுக்கு முக்கால் அடி இறக்கம்.

திங்கள் காலை வகுப்பையே கிணற்றுக்கு அழைத்துப் போனாள்.

"இன்னிக்கு மட்டம் பூஜ்யம். தினமும் மைனஸ் முக்கால். நாளை மறுநாள்?"

"ஒன்றரை அடி கீழ, டீச்சர்!"

"ரெண்டு நாளைக்கு முன்னாடி? நாளும் மைனஸ், இறக்கமும் மைனஸ். தண்ணி எங்க நின்னுச்சு?"

ராசாத்தி மேலே இருந்த முதல் கோட்டைப் பார்த்தாள். "ஒன்றரை அடி... மேல!" அவள் குரல் கிணற்றுக்குள் எதிரொலித்தது.

"வகுப்பை விட்டுட்டு இங்க என்ன கூத்து?" பின்னால் தலைமையாசிரியர் நின்றார். சுந்தராம்பாள் நகரவில்லை. "நீங்களே கேட்டுப் பாருங்க சார்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அரை நாளைக்கு முன்னாடி?"

பிள்ளைகள் குந்தி உட்கார்ந்து மண்ணில் பெருக்கி, எட்டில் மூன்று என்று எழுதினார்கள். "காலே அரைக்கால் அடி மேல, சார்!" என்றாள் ராசாத்தி.

அவர் மனதுக்குள் ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். "சரிதான்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. முப்பத்தொரு பேரில் இருபத்தேழு பேர் சரியாகப் போட்டிருந்தார்கள். மீதி நான்கு பேரின் வீடு எதெது என்று விசாரித்துக்கொண்டு, மறுநாள் காலையிலேயே சுந்தராம்பாள் சிலேட்டோடு கிளம்பினாள்.