உண்ணாமலைக்குக் கரண்ட் வைத்த கதை

1

இது நான் யோசித்த கதை அல்ல, என்னிடம் கொடுக்கப்பட்ட கதை. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் டீக்கடை வைத்திருக்கும் உண்ணாமலைதான், "கதை எழுதுவீங்களாமே? எனக்குக் கரண்ட் வச்சத எழுதுங்களேன்" என்றாள். கதிர்வீச்சு சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'நெருப்பே மலையாகி நிற்கும் ஊரிலிருந்து இன்னொரு நெருப்பைத் தேடிப் புறப்பட்ட அவள்...'

படித்துக் காட்டினேன். "நெருப்பு எங்க வந்துச்சு? படுத்திருக்கறப்ப சுடவே இல்லீங்க. அதானே ஆச்சரியம்!"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

மறுபடியும். அவளுக்கு இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, ஊசி மருந்தில் கொட்டிய முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. அடுத்தது வெளியூர் ஆஸ்பத்திரியில் கரண்ட். தினமும் பஸ்ஸில் கூட்டிப் போனவர் அவள் கணவர், கடலை பயிரிடும் இருசப்பன்.

டாக்டர் சொன்னார்: "அந்த இடத்துக்குப் பின்னாலயே இதயம் இருக்கும்மா. மூச்ச நல்லா இழுத்துப் பிடிச்சா அது கொஞ்சம் ஒதுங்கிடும். அந்த நேரத்துல மட்டும் கதிர விடுவோம்."

"என் நெஞ்சு நான் சொன்னா நகருமா?"

"நகரும்."

(இங்கே நுரையீரல் விரிவதைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அவள் கேள்விக்குப் பக்கத்தில் அது சிறுத்துத் தெரிந்ததால் எடுத்துவிட்டேன்.)

3

குளிர்ந்த அறை. தழும்பு இழுக்க, கையைத் தலைக்குமேல் தூக்கி வைத்துப் படுத்தாள். நெஞ்சில் மையால் போட்ட குறிகளின்மேல் பச்சை வெளிச்சக் கோடு வந்து நின்றது. மெஷினை இயக்கும் அபிநயா, "ஆடாம இருங்கம்மா, வெளியிலருந்து பாத்துக்கிட்டே இருப்பேன்" என்று சொல்லிப் போனாள். தடித்த கதவு மூடியது. அவ்வளவு பெரிய அறையில் அவள் ஒருத்திதான்.

"மூச்ச இழுங்க... பிடிங்க" என்றது ஸ்பீக்கரில் அபிநயாவின் குரல். பிடித்தாள். மெஷின் ரீங்கரித்தது. பயத்தில் இருமல் வந்து மூச்சு விட்டுப்போனது. போச்சு, கதிர் இதயத்தில் பட்டுவிட்டது என்று நினைத்தாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

"ஒண்ணும் ஆகலம்மா. நீங்க மூச்ச விட்டதும் மெஷின் தானா நின்னுடுச்சு. நிதானமா வாங்க, அது காத்திருக்கும்."

இதைச் சொல்லும்போது உண்ணாமலை டீ ஆற்றுவதையே நிறுத்திவிட்டாள்.

"ரூம் ஒசரத்துக்கு மெஷினுங்க. நான் மூச்செடுக்கறதுக்காக நிக்குது! என் ஜென்மத்துல யாரும் எனக்காக அப்படி நின்னதில்ல."

4

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பி இருசப்பனை முரடராக எழுதினேன். (பெண்களின் கதையில் கணவனைக் கெட்டவனாக்குவது எழுதுகிறவர்களுக்குச் சௌகரியம்.) பிறகுதான் அவள் மிச்சத்தைச் சொன்னாள்.

நாளாக நாளாகத் தோல் கறுத்து உரிந்தது. அசதி ஜாஸ்தியாகி, பஸ்ஸில் ஏறினாலே தூங்கிவிடுவாள். ஒருநாள் சிகிச்சை முடிந்து வந்தால், காத்திருக்கும் இடத்தில் இருசப்பனுக்கு மயக்கம். நர்ஸ் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க ஆச்சு? சாப்டலயா?"

"சாப்டேன். கதவுக்கு மேல செகப்பு லைட்டு எரியுது பாரு, அது எரியறப்ப உள்ள நீ மூச்சப் பிடிச்சிட்டு இருப்பேன்னு அந்த மெஷின் பொண்ணு சொல்லிச்சு. நானும் பிடிச்சேன்."

"இன்னிக்கா?"

"தெனமுந்தான். இன்னிக்கு நீ ரொம்ப நேரம் பிடிச்சிட்டே."

5

இனி முடிவு.

அ. பரிசோதனையில் எல்லாம் சுத்தம். தீபத்தன்று இருவரும் கைகோத்து—

ஆ. ஒரு வருடம் கழித்து மறுபடி அந்தக் கதவுக்குள்—

இரண்டையும் கொண்டுபோய்க் காட்டினேன். கரண்ட் முடிந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தோல் தேறியிருந்தது. அடுத்த செக்கப்புக்கு நாள் குறித்திருந்தார்கள். பௌர்ணமிக் கூட்டம் கடையை நெருக்கிக்கொண்டிருந்தது. இருசப்பன் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார்.

"நான் இங்க நின்னு டீ போட்டுட்டு இருக்கேன். அதுக்குள்ள இன்னா அவசரம் உங்களுக்கு முடிக்கறதுக்கு?"

சரிதான். ஆனாலும் ஒன்று கேட்டேன். அவர் தினமும் மூச்சைப் பிடித்ததைச் சொன்னபோது, அவள் என்ன பதில் சொன்னாள்?

உண்ணாமலை திரும்பிக் கணவரைப் பார்த்தாள். இருசப்பன் குனிந்தபடி இன்னும் வேகமாக டம்ளர் கழுவினார்.

"அத எழுதக் கூடாதுங்க" என்றாள்.

எழுதவில்லை. அந்த வரி உங்களுடையது:
"..........................."