முப்பத்தஞ்சு யார்டர்

ராயபுரம் மீன் மார்க்கெட்டில் ஜோதிகா வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. புருஷன் விமலின் தோஸ்து அமான்தான் கூப்பிட்டான். அந்தப் பக்கம் ஒரே கூச்சல்.

"அண்ணி! விமலு... யார்டரு... அடி..."

அத்தோடு லைன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டாள், எடுக்கவில்லை. விமலுக்குப் போட்டாள், சுவிட்ச் ஆப்.

திருவொற்றியூர் மர டிப்போவில் விமல் ஓட்டுவதே யார்டர்தான். கப்பலில் வந்த தடிமரங்களை இரும்பு வடம் போட்டு இழுக்கிற மெஷின். போன மாசம் வடம் அறுந்து அடித்ததில் கூட வேலை செய்த மதிக்குக் கால் எலும்பு நொறுங்கியது. அன்றிலிருந்து "அந்த வேலை வோணாம்யா" என்று அவளும் தினம் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள்.

கத்தியைப் பக்கத்துக் கடை ஆலிஸ் அக்காவிடம் போட்டுவிட்டு ஓடினாள். ஷேர் ஆட்டோவில் இடம் இல்லை. டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டாள். டேங்கர் லாரிகளுக்கு நடுவில் வண்டி ஊர்ந்தது. செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லையம்மனை வேண்டிக்கொண்டே வந்தாள்.

டிப்போ கேட் பூட்டியிருந்தது. உள்ளே யார்டர் சும்மா நின்றது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போய்விட்டார்களோ என்று கேட்டைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணே, எங்க வூட்டுக்காரரு..."

வாட்ச்மேன் சுப்புராயன் எழுந்து வந்தார். "இன்னாம்மா இப்டி வேர்த்துக் கெடக்குற? கப்பல் வரல, இன்னிக்கி மெஷினே ஓடல. அல்லாரும் பந்தாடப் போயிட்டானுங்க. பின்னாடி கிரவுண்டுதான்."

பின்பக்கம் ஓடினாள். மைதானத்தில் கால்பந்து மேட்ச், இடைவேளை. நடுவில் நாலு பேர் ஒருத்தனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். புழுதி அப்பிய அந்த மூஞ்சி விமலுடையதுதான்.

அமான் குதித்துக்கொண்டு வந்தான். "வந்துட்டியா அண்ணி! அதான் சொல்லலாம்னு போன் போட்டேன், சார்ஜ் பூட்ச்சி. முப்பத்தஞ்சு யார்டரு அடிச்சான் அண்ணி! முப்பத்தஞ்சு கஜத்துலேர்ந்து ஒரே ஒதை, கோலு! அவ்ளோ தூரத்துலேர்ந்து போட்டா யார்டருன்னுதான் டிவில சொல்றாங்க."

தோளிலிருந்து இறங்கி வந்த விமலின் முதுகில் அவள் ஓங்கி ஒன்று வைத்தாள். பிறகு அவனுடைய இரண்டு முழங்காலையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொங்கின.

"கோலுக்கும் அதே பேரு, அந்தப் பாயாப்போன மெஷினுக்கும் அதே பேரா? உசுரே பூட்ச்சிய்யா எனக்கு!"

விமலுக்கு அப்போதுதான் விஷயம் விளங்கியது. "புது வடம் மாட்டாம இனிமே அதுல ஏற மாட்டேன் ஜோதி. மொதலாளியாண்ட கேட்டுட்டேன், இந்த வாரம் மாத்துறாங்களாம்" என்றான்.

அவள் கோட்டோரம் மண்ணில் சப்பென்று உட்கார்ந்தாள். யாரோ நீட்டிய மோரை ஒரே மூச்சில் குடித்தாள். இரண்டாம் பாதியில் எதிர் டீம் இரண்டு கோல் போட்டு ஜெயித்துவிட்டது. தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான் விமல்.

"தோத்துட்டு வர்றேன், இன்னாத்துக்கு சிரிக்கிற?"

"நீ நடந்து வர்ற பாரு, அதுக்குத்தான். வா, வூட்டுக்குப் போலாம்."