அரைக் கிளாஸ் வினாகிரி

கொட்டாஞ்சேனையில் இமெல்டா கழுவாதது ஒன்றும் பாக்கியில்லை. மீன் கழுவினாள், கல்யாண மண்டபத்துப் பிளேட் கழுவினாள், ஆறு மாதம் ஒரு சலூனில் துவாய் கழுவினாள். கடைசியில் கடலடிச் சேறு கழுவுவதற்கும் சம்பளம் தருகிறார்கள் என்று யாரோ சொல்ல, நம்பாமல்தான் வெள்ளவத்தைக்குப் போய்ப் பார்த்தாள். அது ஆறு வருடத்துக்கு முந்திய கதை.

காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில், ரயில் பாதைக்கு இரண்டு வீடு முன்னால் இருந்தது அந்த ஆய்வுகூடம். பழைய மாடி வீடு. கீழே தண்ணீர்த் தொட்டியும் சல்லடைகளும் இமெல்டாவும். மேலே நுணுக்குக்காட்டியும் படித்தவர்களும். ரயில் போகும்போது மேசை அதிரும். மேலே உள்ளவர்கள் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சும்மா இருப்பார்கள். கீழே உள்ளவளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

சேறு தீவுக்குத் தெற்கே ஆழ்கடலில் இருந்து வந்தது. கப்பலில் போய், நீளக் குழாய் ஒன்றைக் கடலடியில் குத்தி இழுத்தெடுத்தது. குழாயை நெட்டுக்குப் பிளந்து ஒரு பாதியை ஜெர்மனியில் குளிரறையில் வைத்துக்கொண்டார்கள். மற்றப் பாதி இங்கே வந்தது. மேல் சேறு புதிது, கீழே போகப் போகப் பழையது. இரண்டு சென்ரிமீற்றர் துண்டு ஒன்றுக்கு நாற்பது வருடக் கணக்கு. ஒவ்வொரு துண்டையும் இமெல்டா தண்ணீரில் ஊறவைத்து, சல்லடையில் ஊற்றி, சேறு போகும்வரை அலசுவாள். கடைசியில் ரவை மாதிரி ஒரு சிட்டிகை மிஞ்சும். அத்தனையும் ஓடுகள், கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களின் ஓடுகள். அதைச் சிறு போத்தலில் போட்டு, எத்தனையாவது சென்ரிமீற்றர் என்று முத்து முத்தாக எழுதி மேலே அனுப்புவாள்.

மேலே சாம்பவி அந்த ஓடுகளைத் தூரிகை நுனியால் பிரித்து எண்ணுவாள். கொக்குவில் பிள்ளை, கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிறவள், முப்பது வயது. ஓடு கூடினால் அந்தக் காலத்தில் கடலுக்குச் சாப்பாடு இருந்தது, பருவக்காற்று பலமாக வீசியது என்று அர்த்தம். குறைந்தால் கடலுக்கு வயிறு காய்ந்தது என்று அர்த்தம்.

ஒரு வியாழக்கிழமை சாம்பவி கீழே ஓடி வந்து இமெல்டாவின் ஈரக் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வரைபடம்.

“பாருங்கோ அக்கா. இந்தக் கோடு தடாலெண்டு விழுகுதல்லோ? எண்ணூற்றி எண்பது வருசம் கடல் பட்டினி கிடந்திருக்கு. இவ்வளவு மோசமா ஆரும் இதுக்கு முதல் காணேல்ல.”

“கடலுக்கே பட்டினியா மிஸ்? அப்ப நாமல்லாம் எம்மாத்திரம்.”

சாம்பவி விழுந்து விழுந்து சிரித்தாள். செவ்வாய்க்கிழமை அவளுக்கு வாய்மொழிப் பரீட்சை. அந்தக் கோடுதான் அவளுடைய பட்டம். இமெல்டாவுக்கும் அதே கிழமை ஒரு காரியம் இருந்தது. நாள் சம்பளத்துக்கு நின்றவளை நிரந்தரமாக்கும் கடிதம் பேராசிரியர் நாகேந்திரத்தின் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது.

மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆய்வுகூடம் பார்க்க வந்தார்கள். சாம்பவி ஒரு சிப்பியை எடுத்து அதில் அமிலம் ஒரு துளி விட்டாள். சிப்பி சோடா மாதிரிப் பொங்கியது.

“இதெல்லாம் சுண்ணாம்பு, பிள்ளையள். புளிப்புப் பட்டா கரைஞ்சிடும். வீட்டில வினாகிரியில போட்டுப் பாருங்கோ.”

“முழுக்கக் கரையுமா மிஸ்?” என்று ஒரு பெண்பிள்ளை கேட்டது.

“சின்ன ஓடெண்டா விடிய ஒண்டும் மிஞ்சாது.”

இமெல்டா தேநீர்த் தட்டோடு கதவடியில் நின்றாள். அந்த நுரையை அவள் முன்பும் பார்த்திருக்கிறாள். தட்டை வைத்துவிட்டுக் கீழே இறங்கி, தன் சீ.ஆர். கொப்பியை எடுத்தாள். எந்தத் தேதியில் எந்தத் துண்டு கழுவினாள் என்று அதில் எழுதி வைப்பது அவள் வழக்கம். தேடவேண்டிய பக்கம் எதென்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம் ஆவணி. அவள் புருசன் சிறில் தெஹிவளையில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து களுபோவில ஆஸ்பத்திரியில் கிடந்தான். பின்னேரம் ஐந்திலிருந்து ஆறுவரைதான் ஆட்களை உள்ளே விடுவார்கள். மூன்றரைக்குப் போகவா என்று பேராசிரியரிடம் கேட்டாள். “நாளுக்கு எட்டுத் துண்டு. முடிச்சிட்டு எத்தினை மணிக்கெண்டாலும் போ” என்றார் அவர். அந்தச் சேறு பசை மாதிரி. ஒரு துண்டு கரைய ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். வீட்டில் பன்றி இறைச்சிக்கு வாங்கிய வினாகிரி ஞாபகம் வந்தது. போகுமுன் ராத்திரிக்கு ஊறப்போடும்போது ஒவ்வொன்றுக்கும் அரைக் கிளாஸ் ஊற்றினாள். நுரைத்துக்கொண்டு வந்தது. காலையில் சேறு பாலாய்க் கரைந்து ஓடியது. நல்ல வேலை செய்தோம் என்றுதான் அன்றைக்கு நினைத்தாள்.

மூன்று நாளில் இருபத்திரண்டு துண்டு. நூற்று முப்பத்தாறிலிருந்து நூற்று எழுபத்தெட்டாவது சென்ரிமீற்றர் வரை. நாலாம் நாள் சிறில் செத்துப்போனான். அடக்கம் முடிந்து ஒரு கிழமை கழித்து வந்தவள், அவசரம் இல்லாததால் பழையபடி வெறும் தண்ணீரில் கழுவினாள்.

மாடிக்குப் போய் வரைபடத்தைப் பார்த்தாள். கோடு நூற்று முப்பத்தாறில் விழுந்து கிடந்தது, நூற்று எண்பதில் எழும்பியது.

அது கடலின் பட்டினி இல்லை. சிறில் செத்த கிழமை.

அன்று மட்டக்குளி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து மகளிடம் சொன்னாள். ரொஷேல் மெயின் வீதியில் துணிக்கடையில் நிற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

“அம்மா, மூவாயிரம் வருசத்துக்கு முந்தி கடல் தின்னுச்சா தின்னலையான்னு யாரு வந்து கேட்டா? நாளைக்கு நாம திங்கணும். வாய மூடிக்கிட்டு இரு.”

“அந்தப் புள்ள அத எழுதிக்கிட்டு பரீட்சைக்குப் போகுதுடி.”

“போகட்டும். அதுக்குப் பட்டம், ஒனக்கு லெட்டர். கடலா வந்து கேஸ் போடப்போகுது?”

“ஜெர்மனிக்காரன் மத்தப் பாதியக் கழுவிப் பாத்தான்னா?”

“பாத்தா அப்ப பாப்போம்.”

“அப்ப அந்தப் புள்ளயத்தான் கள்ளின்னு சொல்லுவான். என்னைய இல்ல.”

ரொஷேல் தட்டைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். “சரி, போய்ச் சொல்லு. அப்புறம் வேலை போச்சுன்னு எங்கிட்ட வந்து அழக்கூடாது.”

சனிக்கிழமை அரைநாள் வேலை. எல்லாரும் போகும்வரை காத்திருந்து இமெல்டா சொன்னாள். கொப்பியையும் காட்டினாள்.

சாம்பவி கத்தவில்லை. இருபத்திரண்டு போத்தலையும் எடுத்து, ஒவ்வொன்றாக நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தாள். ஒரு ரயில் போனது. அவள் தலையைத் தூக்கவில்லை.

“விளிம்பெல்லாம் அரிச்சிருக்கு” என்றாள் கடைசியில். “இதை நான் முதலே பாத்தனான் அக்கா. பாத்திட்டு, கோடு வடிவா வருதெண்டு விட்டிட்டன்.”

“அப்ப அந்த எண்ணூறு வருசம் கடல் பட்டினி இல்லையா மிஸ்?”

“இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இஞ்ச இருந்த சேறு முடிஞ்சுது. இனி இதை வச்சு ஒண்டும் சொல்லேலாது.”

அவள் பொய் சொல்லிவிடுவாள் என்று இமெல்டா பாதி எதிர்பார்த்தாள், பாதி ஆசைப்பட்டாள். சாம்பவி அங்கேயே பேராசிரியருக்குப் போன் எடுத்தாள்.

திங்கட்கிழமை நாகேந்திரம் மாடியில் அரைமணி நேரம் சத்தம் போட்டார். சத்தம் கீழே தொட்டிவரை கேட்டது. செவ்வாய்க்கிழமைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். பின்னேரம் ஜெர்மனிக்காரர்களோடு கணினியில் கதைத்தார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள். உண்மையைச் சொன்னதற்கு நன்றி சொன்னார்களாம். சாம்பவி அங்கே வந்து ஆறு மாதம் இருந்து மற்றப் பாதியைக் கழுவி எண்ணட்டும், செலவு தங்களுடையது என்றார்களாம். மேலே யாரோ கேக் வாங்கி வந்தார்கள். இமெல்டாவுக்கும் ஒரு துண்டு வந்தது.

புதன்கிழமை அவளைக் கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நாகேந்திரம், சுவரோடு சாம்பவி.

“இருங்கோ இமெல்டா. நிரந்தரக் கடிதம் இனி ஏலாது, விளங்கும்தானே. மாதக் கடைசியோட நிப்பாட்டச் சொல்லி மேலிடம் சொல்லிட்டுது. ஆனா ஆறு வருச சேவைக் கடிதம் நல்லா எழுதியிருக்கிறன். வேற வேலைக்கு உதவும்.” கடிதத்தைத் திருப்பிக் காட்டினார். நேர்மையானவர், உழைப்பாளி என்று இருந்தது. “அதுக்கு முதல் இதில ஒரு கையெழுத்து. ஜெர்மனிக்கு அனுப்ப வேணும்.”

இரண்டாவது தாளை அவள் விரல் வைத்து வாசித்தாள். ‘இமெல்டா ஆகிய நான் எனது கவனக்குறைவால் இருபத்திரண்டு மாதிரிகளில் வினாகிரியைக் கலந்துவிட்டேன்.’

“கவனக்குறைவு இல்ல சேர்.”

“என்ன?”

“கவனமாத்தான் ஊத்துனேன். ஒவ்வொண்ணுக்கும் அரைக் கிளாஸ். கூடவும் இல்ல, குறையவும் இல்ல.”

சாம்பவி கையால் வாயைப் பொத்தினாள். சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

“அப்ப என்னெண்டு எழுதச் சொல்லுறீங்கள்?”

“எம் புருசனப் பாக்கப் போற அவசரத்துல ஊத்துனேன்னு எழுதுங்க. நான் நேரத்தோட போகக் கேட்டேன், நீங்க எட்ட முடிச்சிட்டுப் போன்னீங்க. அதையும் எழுதுங்க.”

நாகேந்திரம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. சிறிலின் அடக்கத்துக்கு மாதம்பிட்டி சேமக்காலை வரை வந்தவர்.

“அப்பிடி எழுதினா என்னையெல்லோ கேப்பினம். இது அறிவியல் காரியம். வீட்டுப் பிரச்சினையள் தேவையில்லை. ஒரு சொல்லுதானே இமெல்டா. வையுங்கோ.”

மேசையில் அடிமட்டம் ஒன்று கிடந்தது. இமெல்டா அதை எடுத்து அந்தச் சொல்லின் மேல் வைத்து, நேராக ஒரு கோடு கீறினாள். கீழே தன் பெயரை முழுதாக எழுதினாள்.

“வெட்டிக் கொத்தி அனுப்பேலாது” என்று அவர் இன்னொரு பிரதி எடுத்துக் கொடுத்தார். அவள் மறுபடியும் அடிமட்டத்தை வைத்தாள்.

“அக்கா,” என்றாள் சாம்பவி மெல்ல, “கடிதத்துக்காகவெண்டாலும்.”

இமெல்டா அவளைப் பார்த்தாள். பேனையை மூடி வைத்தாள். நாகேந்திரம் சேவைக் கடிதத்தை எடுத்து லாச்சிக்குள் போட்டு மூடினார். கோபத்தோடு மூடவில்லை. திறப்பைத் திருகும்போதுகூட, ஒருக்கா யோசித்துப் பாருங்கோ என்றுதான் சொன்னார்.

அவள் யோசித்துப் பார்க்கப் போகவில்லை. சேவைக் கடிதம் கேட்காத வீட்டு வேலை தேடி ஒரு மாதம் அலைந்தாள். ரொஷேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் இமெல்டாவுக்குத் தாங்கவில்லை.

விமானம் ஏறுகிற அன்று சாம்பவி ரொஷேலின் போனுக்கு எடுத்தாள். சுகம் கேட்டாள், மன்னிப்புக் கேட்டாள், அங்கே ஒரே குளிராம் என்றாள். அந்தத் தாள் என்னவாயிற்று என்று இமெல்டா கேட்டாள்.



“அது போட்டுது அக்கா. உங்கட கையெழுத்து இல்லாமலே அனுப்பிட்டினம்.”

“அந்தச் சொல்லு?”

“அது இருக்கு.”