சூட்டறைக்கான பாதுகாப்புத் தாள்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனசாட்சியிலிருந்து வந்தது என்று சொன்னால் எனக்குக் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். வந்தது ஒரு மின்னஞ்சலிலிருந்து. எண்ணெய் கலக்கும் ஆலை ஒன்று, இயந்திர எண்ணெயில் சேர்க்கும் ரசாயனம் ஒன்றைப் பத்திரமாகக் கையாள்வது எப்படி என்ற பதினாறு பக்கத் தாளைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருந்தது. நான் கதை எழுதுகிறவன். கதை சோறு போடாத மாதங்களில், அதாவது எல்லா மாதங்களிலும், இப்படிப்பட்ட தாள்களை மொழிபெயர்ப்பேன். நான்கு நாளில் முடித்துக் கொடுத்தேன்.

முதல் பக்கத்தின் மேல் மூலையில் போன வருஷத்துத் தேதி ஒன்றைப் போடச் சொன்னார்கள். ஏன் என்று கேட்டேன். பழைய தாளின் தமிழ் வடிவம்தானே, பழைய தேதிதான் இருக்க வேண்டும் என்றார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. போட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அந்த ஆலையில் ஒருவர் மூச்சுத் திணறி விழுந்திருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.*

(* இந்த வாக்கியத்தை நான் நிறையப் பேரிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போதெல்லாம் அவர்கள் தலையாட்டுகிறார்கள். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கிறது.)

2

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன்.

முதலாவது: 'அந்த வாயுவுக்கு நிறமில்லை, ஈவிரக்கமில்லை, அது மெதுவாகத் தவழ்ந்து வந்து' (அடித்துவிட்டேன். பழியை வாயுவின் தலையில் கட்டுவது ஆலைக்காரர்களின் வேலை. அதற்கு நான் வேறு எதற்கு?)

இரண்டாவது: 'தொப்பி விழுந்தபோது மணி பதினொன்று இருபது. எப்போதும் தலையைவிட்டு இறங்காத அந்தப் பச்சைத் தொப்பி உருண்டு போய்' (இதுவும் வேண்டாம். விழுகிறவரைக் காட்டி வாசகரின் கண்ணைக் கசியவைத்துவிட்டால், எழுதியவனுக்கு நல்ல பெயர் வந்துவிடும். விழுந்தவருக்கு ஒன்றும் வராது.)

மூன்றாவது கீழே. இதுதான் நிற்கிறது.

3

மூக்கருக்கு அந்தப் பெயரை வைத்தது மேலாளர். அவருடைய உண்மையான மூக்கு சின்னதுதான், சப்பையும்கூட. ஆனால் அதற்குள்ளே ஒரு வெப்பமானி இருந்தது.

கலவை ஆலையில் அந்த ரசாயனத்தின் முழுப்பெயரைச் சொல்ல யாருக்கும் நாக்கு வளையாது. எல்லோருக்கும் அது 'மருந்து'. எண்ணெயில் மருந்து விழுந்தால்தான் இயந்திரத்தின் பற்கள் தேயாமல் இருக்கும். தேன் நிறம், தேனைவிடக் கெட்டி. குளிர்காலத்தில் பேரலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. அதனால் பேரல்களைச் சூட்டறையில் நிறுத்தி இளக்க வேண்டும். சூட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நான்கு பேரல் நிற்கிற தகரக் கூடு, சுவரில் நீராவிக் குழாய், ஒரு கதவு. கதவுக்கு வெளியே வட்டமான வெப்பமானி. அதன் முள் நாற்பதில் செத்துப்போய் இரண்டு வருஷம் ஆகிறது.

மூக்கர் அதை மாற்றச் சொல்லி மூன்று முறை கேட்டார். மூன்றாவது முறை மேலாளர் அவர் தோளில் கையைப் போட்டு, நீங்க இருக்கும்போது அது எதுக்கு மூக்கரே என்று சிரித்தார். மூக்கருக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. பாராட்டுக்கு மயங்காத மனிதன் எந்த ஆலையில் இருக்கிறான்?

அவருடைய வித்தை இதுதான். பேரல் இளகுகிறவரை மருந்துக்கு எண்ணெய் வாடைதான். பதம் வரும்போது அழுகிய முட்டை நாற்றம் லேசாக ஒரு கீற்று வரும். அந்தக் கீற்று வந்ததும், 'முட்டை வந்துடுச்சு, இறக்கு' என்பார். மூடியைத் திறந்தால் மருந்து கயிறுபோல வழுக்கி விழும். பதினோரு வருஷம் இப்படித்தான். புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்லிக் கொடுத்தார்கள். எண்ணெய் வாங்க வரும் நிறுவனங்களின் பிரதிநிதிகளுக்கு மூக்கரை வேடிக்கை காட்டினார்கள்.

தாளின் ஆறாவது பக்கத்தில் இருப்பதை நான் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான்தான் அதைத் தமிழில் எழுதினேன். மருந்தை அறுபது டிகிரிக்கு மேல் சூடாக்கக் கூடாது. மேலே போனால் அது சிதைந்து, விஷவாயு கிளம்பும். அந்த வாயுவுக்கு அழுகிய முட்டை நாற்றம். ஆக, பதினோரு வருஷமாக இவர்கள் பதம் என்று காத்திருந்தது விஷத்துக்கு. அதை அவர்களிடம் சொல்லக்கூடிய தாள் மேலாளர் அறையின் இரும்பு அலமாரியில், அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. அதே அலமாரியில், வாயு வந்தால் கத்துகிற சின்னக் கருவிகள் இரண்டு பெட்டி பிரிக்காமல் இருந்தன. தொலைந்துவிடும் என்று பூட்டி வைத்திருந்தார்களாம்.

[இங்கே எனக்கு ஒரு பத்தி முழுக்கத் திட்டத் தோன்றுகிறது. திட்டினேன். எடுத்துவிட்டேன். அலமாரிக்குச் சாவி இருந்தது என்ற விவரம் போதும்.]

4

அன்றைக்கு லாரி காத்துக்கொண்டிருந்தது. நீராவியைக் கூட்டி விடச் சொல்லி மேலிருந்து உத்தரவு. மூக்கர் கூட்டினார். முட்டை நாற்றம் கீற்றாக வரவில்லை, அடித்துக்கொண்டு வந்தது. அவரும், எப்போதும் பச்சைத் தொப்பியோடு திரிவதால் தொப்பி என்றே பெயராகிவிட்ட அவருடைய கூட்டாளியும் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார்கள். தொப்பிக்கு மூக்கரைவிட நான்கு வயது குறைவு. எட்டு வருஷமாக ஒரே சாப்பாட்டுப் பெட்டியில் கையை விட்டுச் சாப்பிடுகிற பழக்கம். ஐந்து நிமிஷம் கழித்து மூக்கர் கதவுக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தார். நாற்றமே இல்லை.

"போயிடுச்சு, போய்த் திற" என்றார்.

தொப்பி உள்ளே போய்க் குனிந்து, பேரல் மூடியில் திருகு சாவியைப் போட்டு அரைச் சுற்றுத் திருப்பினார். அப்படியே மடிந்தார். மூக்கர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடி, காலைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார். பிறகு அவரும் வாந்தியெடுத்தார்.

தொப்பி பிழைத்துவிட்டார். இப்போது பத்தடி நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நுரையீரலுக்கு இன்னும் பல மாதம் வைத்தியம் வேண்டும் என்கிறார்கள்.

(மூக்கரின் மனைவியை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவரை ஒரு காட்சியில் எழுதினேன். அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் கணவருக்குத் தெரியவில்லை. "என்னங்க, உங்களுக்கு நிஜமாவே வாடை வரலையா?" என்று கேட்கிறார். அவர் எழுந்து பாத்திரத்தைத் தேய்க்கிறார். கற்பனைதான். ஆனால் அந்த மூக்கு இப்போது வேலை செய்யவில்லை என்பது உண்மை, அவரே சொன்னார்.)

5

ஆலையின் கண்காணிப்பாளரைப் பற்றி எனக்கு ஒரு சிக்கல். முதல் வரைவில் அவருக்குத் தடித்த கழுத்தும் மோதிரங்களும் கொடுத்திருந்தேன். வில்லனை அடையாளம் காண்பதில் வாசகருக்கு நேரம் வீணாகக் கூடாது அல்லவா. உண்மையில் அவர் ஒல்லியான, சாந்தமான மனிதர். எனக்கு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மூக்கருக்குத் தேநீர் சொன்னார். மகளுக்குப் பரீட்சை என்று கவலைப்பட்டார். அவர் செய்த அயோக்கியத்தனம் எல்லாவற்றையும் பணிவாகவே செய்தார். அதனால் மோதிரங்களைக் கழற்றிவிட்டேன். ஆத்திரம் குறையவில்லை, கூடியிருக்கிறது.

ஒரு கையெழுத்துக்கு என்று கூப்பிட்டிருந்தார்கள். சனிக்கிழமை காலை கண்காணிப்பாளரின் அறையில் நாங்கள் மூன்று பேர். மேசையில் நான் எழுதிய தாள். கடைசிப் பக்கத்தில் இரண்டு கோடுகள். ஒன்றின் கீழே 'படித்துப் புரிந்துகொண்டேன்', அது மூக்கருக்கு. இன்னொன்றின் கீழே 'தமிழில் விளக்கிச் சொன்னவர்', அது எனக்கு. இரண்டுக்கும் பக்கத்தில் போன வருஷத்துத் தேதி முன்கூட்டியே அச்சாகியிருந்தது.

கண்காணிப்பாளர் விஷயத்தைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். தாளைப் போன வருஷமே எல்லோருக்கும் படித்துக் காட்டியாயிற்று என்று ஆகிவிட்டால், நடந்தது தொப்பியின் கவனக்குறைவு. அவரை வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள், வைத்தியத்துக்கும் ஆலை பொறுப்பில்லை. மூக்கருக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாவிட்டால், உள்ளே போகச் சொன்னது யார் என்ற கேள்வி வரும்.

6

மூக்கர் பேனாவை எடுக்கவில்லை. "படிச்சேன்னு போடணும்னா படிக்கணும்ல சார்" என்று சொல்லிவிட்டுத் தாளைத் தன் பக்கம் இழுத்தார்.

படித்தார். விரலை வைத்து, உதடு அசைய, ஒரு வரியும் விடாமல். தேநீர் ஆடை கட்டியது. கண்காணிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் மேசையின் ஓரத்தைப் பார்த்தேன். ஆறாம் பக்கத்தில் மூக்கரின் விரல் வெகுநேரம் நின்றது. ஏழாம் பக்கத்தில் ஒரு பத்தியை வாய்விட்டுப் படித்தார்.

"நாற்றம் நின்றுவிட்டதால் வாயு போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வாயு அதிகமானால் மூக்கு மரத்துப்போகும்; நாற்றம் தெரியாது."

இன்னொரு முறை படித்தார். பிறகு தாளைக் கீழே வைத்தார்.

"அப்ப அவனை நான்தான் அனுப்பியிருக்கேன்."

கண்காணிப்பாளர் சட்டென்று முன்னால் சாய்ந்தார். அதனாலதான் சொல்றேன், போட்டுட்டு நிம்மதியா இருங்க என்றார். ஒரு மனிதனின் குற்ற உணர்ச்சி வெளியே வந்த அதே நொடியில் அதைப் பிடித்துப் பேனாவில் ஊற்றப் பார்த்தார். எத்தனையோ கதைகளில் எத்தனையோ கொடுமைகளை எழுதியிருக்கிறேன், இவ்வளவு வேகமான ஒன்றை எழுதியதில்லை.

7

முடிவுகள்.

அ. மூக்கர் கையெழுத்துப் போடுகிறார். வீட்டுக்குப் போகும் வழியில் தொப்பியின் தெருவைத் தவிர்த்து, சுற்றிப் போகிறார். அதன் பிறகு எப்போதும் அப்படியே போகிறார். (நடக்கக்கூடியது. நடந்தால் அவர் மேல் எனக்குக் கோபம் வராது.)

ஆ. தாளைக் கிழித்து எறிகிறார். (கணினியில் பிரதி இருக்கிறது. ஒரு நிமிஷத்தில் இன்னொன்று எடுப்பார்கள், கிழித்ததற்குத் தனியாக ஒரு கடிதமும் கொடுப்பார்கள். கைதட்டல் வாங்குவதற்காக ஒரு மனிதரின் வேலையைப் பறிக்க மாட்டேன்.)

இ. அச்சான தேதியை அடித்துவிட்டு, இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திடுகிறார். ஏனென்றால் இன்றுதான் படித்தார், இன்றுதான் புரிந்தது. (எனக்கு மிகவும் பிடித்த முடிவு. நேற்று ராத்திரி முழுக்க இதை மெருகேற்றிக்கொண்டிருந்தேன். நன்றாக வந்திருந்தது. அப்போதுதான் எனக்கே அருவருப்பாகிவிட்டது.)

8

ஏன் என்றால், ஆறாம் பகுதியில் நான் ஓரிடத்தை வெட்டியிருந்தேன். முடிவை மூக்கரின் தலையில் சுமத்திவிட்டு நான் பின்வாசல் வழியாக நழுவுவதற்காக வெட்டியது. இப்போது அதைத் திரும்ப வைக்கிறேன்.

கண்காணிப்பாளர் பேசி முடித்ததும் மூக்கர் தாளிலிருந்து கண்ணை எடுத்தார். என் பக்கம் திரும்பினார்.

"சார், இதைத் தமிழ்ல எழுதினது நீங்களா?"

ஆமாம் என்றேன்.

"நல்லாப் புரியுது சார். எனக்கே புரியுது." அச்சான தேதியின் மேல் விரலை வைத்தார். "இதை எப்ப எழுதினீங்க?"

அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கண்காணிப்பாளர் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். அந்தப் புன்னகையில் மிரட்டல் எதுவும் இல்லை. அடுத்த தாளும் எனக்கே வரும் என்ற நட்பு இருந்தது.

"ஃபைலைப் பார்த்தாத்தான் தெரியும்" என்றேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். ஊரில் உள்ள அநியாயத்தையெல்லாம் எழுதிக் கிழிக்கிறேன் என்று மேடையேறிப் பேசுகிற நான்.

மூக்கருக்குக் கோபம் வரவில்லை. மேசையில் திறந்து கிடந்த பேனாவை மூடி வைத்தார். "சரி சார், பார்த்துட்டு வந்து சொல்லுங்க. திங்கக்கிழமை வர்றேன். தொப்பியையும் கூட்டிட்டு வர்றேன், அவனும் கேக்கட்டும்" என்றார். கண்காணிப்பாளர் பத்து மணி என்று குறித்துக்கொண்டார்.

9

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஃபைலைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தொப்பி விழுந்த இருபத்திரண்டாம் நாள் எழுத உட்கார்ந்தேன், இருபத்தைந்தாம் நாள் கொடுத்தேன். அதற்கு முன் அந்தத் தாளுக்குத் தமிழில் ஒரு எழுத்துகூடக் கிடையாது. இதோ, எழுதிவிட்டேன். கதைக்குள் எழுதுவதற்கு யாருக்கும் துணிச்சல் வேண்டாம். இதை அந்த மேசையில், அந்த நட்பான புன்னகைக்கு எதிரே உட்கார்ந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மனிதரின் காதில் விழும்படி சொல்ல வேண்டும்.

நீங்கள் இதைப் படிக்கும்போது அந்தத் திங்கட்கிழமை கடந்து போயிருக்கும். மூக்கர் என்ன செய்தார் என்று யோசிக்க வேண்டாம். அவர் செய்ய வேண்டியதைச் சனிக்கிழமையே செய்துவிட்டார். தேதியைப் போடச் சொன்னதும் போட்டவனைப் பற்றி யோசியுங்கள். ஒன்பது பகுதிகளாக அவனோடு இருந்திருக்கிறீர்கள், அவன் எங்கே வளைவான், எங்கே நழுவுவான் என்பதெல்லாம் இப்போது உங்களுக்குத் தெரியும்.

பத்து மணிக்கு அவன் அந்த அறைக்குப் போயிருப்பானா?