கைப்பிடியில் காயும் கைலி

1

இந்தக் கதை எனக்கு ஒரு ஈரக் கைலியிலிருந்து கிடைத்தது. சைகோனில், டிஸ்ட்ரிக்ட் 1 சந்து ஒன்றில், தெரிந்தவர் வீட்டுக் குளியலறைக்குக் கை கழுவப் போனேன். பெரியவர் விழாமல் இருக்கச் சுவரில் பதித்த எஃகுக் கைப்பிடியில் கைலி காய்ந்துகொண்டிருந்தது. சிரித்துவிட்டேன். அப்புறம் அந்தக் கைப்பிடியை வாங்கி மாட்டிய மகளை நினைத்தேன், சிரிப்பு நின்றது. மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "மனைவி இறந்த பின் தனிமையில் வாடிய நத்தர்ஷா—"

[அடித்துவிட்டேன். மனிதர் வாடவில்லை. எண்பதைத் தாண்டியும் தானே மீன் வாங்கி, தானே ஆணம் காய்ச்சி, உப்பு கூடிப்போனால் மீன்காரியைத் திட்டுகிறவர்.]

இரண்டாவது, இது நிற்கும்: நத்தர்ஷா காரைக்காலிலிருந்து சைகோனுக்கு வந்து, பென் தான் சந்தைப் பக்கம் துணி விற்றவர். 1975இல் ஆட்சி மாறியது, கடை போயிற்று, கூட இருந்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். வியட்நாம் மனைவியின் ஊரை விட்டு இவர் நகரவில்லை. மகள் ஜுலைகாவுக்கு வுங் டாவில் எண்ணெய்க் கம்பெனி வேலை. தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். அங்கே கடல் இருக்கிறது. நடந்துபோகிற தூரத்தில் பள்ளிவாசல் இல்லை.

ஒரு நாள் விடியற்காலையில், சுபுஹுத் தொழுகைக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவள் பக்கத்து வீட்டு ஹ்வா. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. இடுப்பில் வீக்கம், அவ்வளவுதான். ஆனால் ஜுலைகா வாக்கு வாங்கிவிட்டாள்: இன்னொரு முறை விழுந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வுங் டாவுக்கு வந்துவிட வேண்டும்.

3

கைப்பிடி, ரப்பர் விரிப்பு, ஆள் வந்தால் தானே எரியும் விளக்கு, எல்லாம் வாங்கி மாட்டிவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வந்தபோது கைப்பிடியில் கைலி. விரிப்பு வாசலில், செருப்புகளுக்கு அடியில்.

ஜுலைகாவுக்குக் கோபம் வந்தால் உம்மாவின் வியட்நாம் மொழிதான் வரும்.* கொட்டித் தீர்த்தாள். பிறகு தமிழுக்கு வந்தாள்.

"வாப்பா, இது துணி காயப்போடவா மாட்டுனேன்?"

"நல்ல கம்பி புள்ள. துருப்பிடிக்காது."

"விரிப்பு என்னா பாவம் செஞ்சுது?"

"அதுக்கடியில தண்ணி தேங்கிக் கெடக்குது. அதுல நின்னு எப்புடி கைகால் கழுவி ஒளு செய்யுறது? மனசு ஒப்பல."

"திரும்ப விழுந்தா?"

"விழ மாட்டேன்."

* சமாதானத்துக்குத்தான் வாப்பாவின் தமிழ். இந்தக் குறிப்பு கதைக்குத் தேவையில்லை, எனக்குப் பிடித்திருந்தது.

4

[இங்கே நின்றுபோனேன். அவரை மறுபடி விழவைக்கலாம். வாசகர் அழுவார், ஜுலைகா ஜெயிப்பாள். எழுதக் கை வரவில்லை. ஒரு கதைக்காகப் பெரியவரைப் பிடித்துத் தள்ளுவது—]

வேறு வழி தெரியாமல் மழையை வரவழைத்தேன். நத்தர்ஷா குடையை மறந்துவிட்டுத் தொழப் போயிருந்தார். குடையோடு பின்னால் போன ஜுலைகா, தோங் யூ பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, ஒளு செய்யும் இடத்தைப் பார்த்தாள். தாழ்ந்த குழாய்கள், எதிரே குட்டையான கல் இருக்கைகள். வாப்பா ஒன்றில் உட்கார்ந்து, காலை நீட்டி, விரலிடுக்குகளை அவசரமில்லாமல் தேய்த்துக் கழுவினார்.

வீட்டில் அவர் வாஷ்பேசினுக்குள் ஒரு காலைத் தூக்கி வைத்து, மற்ற காலில் நிற்பார். சின்ன வயதிலிருந்து பார்த்துப் பழகிய காட்சி, அதனாலேயே அவள் கண்ணில் படவில்லை. குளிக்கும்போது விழாமலிருக்கக் கடைக்காரன் எடுத்துக் கொடுத்ததையெல்லாம் வாங்கி வந்திருந்தாள். வாப்பா விழுந்தது குளிக்கும்போது அல்ல.

5

கொத்தனார் வந்தார். குளியலறை மூலையில் சிமெண்டு இருக்கை, முன்னால் தாழ்ந்த குழாய். கைப்பிடியைக் கழற்றி, எழுந்திருக்கும்போது கைக்கு எட்டுகிற இடத்தில் மாட்டினார். நத்தர்ஷா உட்கார்ந்து பார்த்தார். குழாயைத் திறந்தார்; மூடினார்.

"பள்ளியில மாதிரியே இரிக்கிது," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒன் உம்மா இருந்தா மொதல்ல அவதான் ஒக்காந்து பாத்திருப்பா. இனிமே ஒவ்வொரு ஒளுவுக்கும் ஒனக்காக ஒரு துஆ கேப்பேன் புள்ள."

ஜுலைகாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சண்டை போட இன்னும் ஒரு வாப்பா இருக்கிறாரே என்று நன்றியாக இருந்தது. அன்று ஹ்வா வீட்டுக்கு ஒரு கூடை மாம்பழம் போயிற்று.

எனக்கும் அவரிடம் ஒரு நன்றி பாக்கி: நான் எழுதியபடி வாடாததற்கு, நான் நினைத்தபடி விழாததற்கு.

6

முடிவு ஒன்று: கடைசிவரை அவர் அந்த வீட்டிலேயே—

முடிவு இரண்டு: ஒரு நாள் அவரே பெட்டியைக் கட்டிக்கொண்டு—

[இரண்டும் வேண்டாம். அவ்வளவு தூரம் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது அடுத்த சனிக்கிழமை வரைதான்.]

ஜுலைகா வந்து குளியலறைக் கதவைத் திறந்தாள். கைப்பிடியில் கைலி காய்ந்துகொண்டிருந்தது. திட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். கைலியை நாலாக மடித்து ஒரு ஓரமாக ஒதுக்கிப் போட்டிருந்தார். இருக்கைப் பக்கம் ஒரு கை பிடிக்க இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் கம்பி இன்னும் ஈரமாக இருந்தது.

அவள் என்ன சொன்னாள், எந்த மொழியில் சொன்னாள் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கை கழுவ உள்ளே போனால், கைலியை மட்டும் நகர்த்திவிடாதீர்கள்.