பச்சை மீசை

இறுப்பிட்டியில் மயில்வாகனத்தாரின் வளவில் நின்ற இருபது தென்னம்பிள்ளைகளும் ஆடி மாதத்துச் சோளகக் காற்றில் காய்ந்து போயின. தண்ணீர் விடவேண்டிய குருசுமுத்து, மண்டைதீவில் கொங்கிறீற் வேலை கிடைத்ததென்று பதினேழு நாள் அங்கே போய்க் கிடந்ததுதான் காரணம்.

கனடாவில் படுக்கையில் கிடக்கும் மயில்வாகனத்தார் மாதம் தவறாமல் படம் கேட்பார். தாயின் பெயரில் நட்ட பிள்ளைகள். குருசுமுத்துவும் பக்கத்தில் நிற்கவேண்டும். அப்போதுதான் உயரம் தெரியுமாம்.

காய்ந்த பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படத்தைக் கொண்டுபோய் ஃபோன் கடை நிலக்சனாவிடம் நீட்டினான்.

“தங்கச்சி, இதைக் கொஞ்சம் பச்சையாக்கித் தர ஏலுமே?”

“ஓம் அண்ணை. பச்சையா நிண்ட பழைய படம் இருக்கே? அதின்ர நிறத்தை எடுத்து இதில ஏத்திவிடலாம்.”

மாசி மாதப் படத்தைக் காட்டினான். மழை விட்ட கையோடு எடுத்தது. வளவு முழுக்கப் புல். இரண்டையும் கணினியில் போட்டு அவள் என்னவோ தட்ட, காய்ந்த ஓலையில் பச்சை ஏறியது. அவன் ஓலையை மட்டும்தான் பார்த்தான். அனுப்பிவிட்டான்.

மறுநாள் மயில்வாகனத்தாரின் குரல் பதிவாய் வந்தது.

“குருசுமுத்து, பிள்ளையள் நல்லா நிக்குதுகள். உமக்கென்ன காணும் நடந்தது? மீசை பச்சை, பல்லுப் பச்சை, பின்னால நிக்கிற ஆடும் பச்சை! அம்மா இருந்திருந்தா உமக்கு மந்திரிச்சு நூல் கட்டுவிச்சிருப்பா.” சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. “உம்மட ஃபோன் பழுதாக்கும். மருமோன் தையில வாறான், புதுசொண்டு குடுத்துவிடுறன். பிள்ளையளை இப்பிடிப் பாக்கிற மனுசனுக்கு அதுகூடச் செய்யாட்டி?”

குருசுமுத்துவுக்கு முகம் எரிந்தது. மனிசன் ஏசியிருந்தால் தாங்கியிருப்பான்.

வாயால் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று நினைத்தான். ஐம்பது வயதில் எழுத்துக் கூட்டப் பழகியவன். இன்றுவரை ஒருவருக்கும் எழுதி அனுப்பியதில்லை. ஒவ்வோர் எழுத்தாய்த் தேடித் தேடி அமத்தினான்.

“ஐயா பிள்ளையள் செத்துப்போச்சு. நான் தண்ணி விடேல்லை. பச்சை கள்ளப் பச்சை. போன் நல்ல போன்.”

அதற்குக் கீழே அசல் படத்தையும் அனுப்பினான்.

பார்த்துவிட்டதைக் காட்டும் இரண்டு கோடும் நீலமாயின. பிறகு ஃபோன் அடித்தது.

மடித்துக் கட்டியிருந்த சாரத்தை இறக்கிவிட்டு, எழும்பி நின்று எடுத்தான்.